சக்கரம் இறங்காத பள்ளம்

ஜூன் 3

என் வீட்டுக்காரியின் தம்பிக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில எழுத்து பெருத்திருக்கும், சில எழுத்து சூம்பியிருக்கும். வரி மேலே தொடங்கிக் கீழே சரியும். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது. மன்னிப்பு கையெழுத்துக்கு மட்டும்தான். எழுதியிருக்கும் விஷயத்துக்கு இல்லை.

இதை எழுதுவது நானேதான். உன் அக்கா அல்ல. இத்தனை வருடமும் நான் சொல்வதை அவள் அப்படியே எழுதுகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் பீரோவில் தபாலில் சேர்க்காத பழைய கடிதம் ஒன்று கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘அந்த அயோக்கியனுக்கு எழுது’ என்று நான் சொன்ன இடத்தில் ‘அன்புத் தம்பிக்கு’ என்று எழுதியிருக்கிறாள். ‘அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்’ என்று சொன்னதற்கு ‘அத்தான் உன்னை அடிக்கடி விசாரிக்கிறார்’ என்று இருக்கிறது. ஆக, முப்பது வருடமாகக் கடிதத்தில் நான் உன்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூட உனக்கு வந்து சேரவில்லை. அந்தக் குறையை இனி நானே தீர்த்துவைக்கிறேன். போனில் என் குரல் கேட்டால் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன் நான் உன் அலுவலக டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நீ பேசியது நினைவிருக்கிறதா. ‘எங்க டிரைவருக்கு ஸ்டியரிங் தவிர உலகத்துல வேற எதுவும் தெரியாது’ என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அந்தக் கூட்டத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். சிரிப்பை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அர்த்தத்தை எனக்கு மட்டும் வைத்தாய். அடுத்த வாரமே நூலகத்து மாடியில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். அந்தப் புண்ணியம் உன்னைச் சேர்ந்ததுதான், வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நூலகப் பலகையில், சாலை அளக்கும் உன் அலுவலகத்தின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அடுத்த ஐந்து வருடத்துக்குப் புதிதாகத் தார் போடத் தேவையில்லாத சாலைகளாம். ஆட்சேபம் இருந்தால் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுத வேண்டுமாம். நாற்பத்தொன்றாம் எண்ணில் எங்கள் சாலை. ‘சக்கரத் தடப்பள்ளம் சராசரி 3 மில்லிமீட்டர். நிலை: நன்று.’ கீழே உன் கையெழுத்து.

இதைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. படித்து முடித்ததும் தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்த் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டி வளைவில் லாரிகள் ஓடி ஓடித் தரையை அமுக்கி வைத்திருக்கின்றனவே, அந்தத் தடத்தின் குறுக்கே கம்பியை வைத்து, நடுவில் பள்ளிக்கூட ஸ்கேலை இறக்கினேன். முப்பத்து நான்கு.

மழை பெய்தால் அந்தத் தடம் வாய்க்கால். போன மாதம் எங்கள் டீச்சர் வகுப்புக்கு வரும் வழியில் அவருடைய ஸ்கூட்டரின் முன்சக்கரம் அதற்குள் இறங்கியது. வெளியே எடுக்கத் திருப்பினார். வண்டி படுத்துவிட்டது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. எழுதிக் கொடுக்கிற கை. பதினோரு கிழவன் கிழவிகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாடியில் காத்திருந்தோம்.

மூன்று மில்லிமீட்டரில் ஒரு ஸ்கூட்டர் கவிழாது. ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிறாயே அந்த யந்திரம், அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளு. அல்லது அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவனைத் தள்ளு. பட்டியலைத் திருத்து.

உன் அக்காவின் கணவன்


ஜூன் 8

அத்தான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்தேன். ஒருவர் இது ஏதோ மலைச்சாலையின் வரைபடம் என்று நினைத்துத் தலைகீழாகப் பிடித்தார். அறுபது வயதில் எழுத்து வந்ததற்கு வாழ்த்துகள். அதை வைத்து முதல் வேலையாக என்னைத் திட்டியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இப்போது படித்தவர்கள் பேசும் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஆறு வருடம் ஓட்டிய வண்டியின் முன்னால் ஒரு பட்டை இருந்தது. அது பம்பர் இல்லை. அதில் ஐந்து லேசர் கண்கள் இருக்கின்றன. ஓரத்துக்கு ஒன்று, சக்கரங்களுக்கு நேராக இரண்டு, நட்ட நடுவில் ஒன்று. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒவ்வொரு கண்ணும் பார்த்துக்கொண்டே வரும். சக்கரத்துக்கு நேரே உள்ள தரை, நடுத்தரையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதுதான் பள்ளத்தின் ஆழம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் முடி அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு வருடமும் சோதித்துச் சான்றிதழ் வாங்குகிறோம். நீங்கள் அளந்தது திரைச்சீலைக் கம்பியால். அதற்குச் சான்றிதழ் கொடுத்தது அக்காவா?

டீச்சர் விழுந்தது வருத்தம்தான். மழையில் நிதானமாகப் போயிருக்கலாம்.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். உங்கள் சாலையை அளந்தது போன செப்டம்பரில். வண்டியை ஓட்டியது வேறு யாருமில்லை, நீங்கள். உங்கள் வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடித்து அக்காவைக் கூப்பிட்டீர்கள். ஆறு வருடத்தில் ஒரு நாளாவது பின்னால் திரும்பி, அந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்று கேட்டிருந்தால் உங்களுக்கு இன்று இந்தச் சந்தேகம் வந்திருக்காது. கேட்கவில்லை. டீ எங்கே நல்லாயிருக்கும் என்பதைத் தவிர நீங்கள் என்னிடம் எதைக் கேட்டீர்கள்?

முப்பதாம் தேதி பட்டியல் முடிவாகிவிடும். அதோடு இந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
அளவைப் பிரிவு மேற்பார்வையாளர்


ஜூன் 14

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

பதவியின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாய். உன் கல்யாணத்தன்று நீ மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவன் நான். எந்தப் பிரிவின் மேற்பார்வையாளரானாலும் எனக்கு அந்தத் தலைதான் ஞாபகம் வருகிறது.

நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறாய். திரும்பிப் பார்த்திருக்கிறேன். நீ தூங்கிக்கொண்டிருப்பாய். எண்கள் பாட்டுக்கு ஓடும், உன் வாய் பாட்டுக்குத் திறந்திருக்கும். ஏன் அப்படித் தூங்க முடிந்தது தெரியுமா? ஓட்டியது நான். தார் போட்டுப் பத்து வருடம் ஆன சாலையிலும் உன் தலை ஒரு தடவை ஜன்னலில் இடித்திருக்குமா? இடிக்காது. பள்ளத்தில் சக்கரத்தை இறக்குகிறவன் டிரைவர் இல்லை, வண்டி அவனை ஓட்டிக்கொண்டு போகிறது. முப்பது வருடம் பஸ்ஸும் லாரியும் ஓட்டிவிட்டுத்தான் உன் வண்டிக்கு வந்தேன்.

எங்கள் சாலையையே எடுத்துக்கொள். அதன் ஒவ்வொரு தடமும் எனக்கு மனப்பாடம். செப்டம்பரில் தண்ணீர்த் தொட்டி வளைவு வரும்போது என்ன செய்தேன் தெரியுமா? ஓரச் சக்கரங்களைச் சாலை விளிம்பில் ஏற்றினேன். மறுபக்கத்துச் சக்கரங்களை இரண்டு தடத்துக்கும் நடுவில் இருக்கும் மேட்டில் விட்டேன். ஒரு பள்ளம் வண்டியின் வயிற்றுக்குக் கீழே போனது. இன்னொன்று வெளியே தள்ளிப் போனது. ஒன்றரை கிலோமீட்டர் அப்படியே, நூல் பிடித்த மாதிரி. உன் ஐந்து கண்ணும் சேர்ந்தாலும் என் இரண்டு கண்ணுக்குச் சமமாகாது.

அப்படிப்பட்ட ஓட்டத்தில் போயும் உன் யந்திரம் முப்பத்து நான்கை மூன்று என்று சொல்கிறது என்றால் அதற்குச் சான்றிதழ் கொடுத்தவனுக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டும். பதில் போடு. டீச்சருக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம்.

உன் அக்காவின் கணவன்


ஜூன் 17

அத்தான்,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். நகல் ஏதாவது வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். தயவுசெய்து என்று எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுத எனக்கு மனம் வரவில்லை.

நேற்று செப்டம்பர் மாதத்து மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி வளைவு தொடங்கி ஒன்றரை கிலோமீட்டருக்கு நடுக்கண் பள்ளத்துக்குள் பார்த்திருக்கிறது. சக்கரத்துக் கண்கள் இரண்டும் மேட்டைப் பார்த்திருக்கின்றன. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேடு வந்தால், அது தூசி தும்பு என்று எடுத்துக்கொண்டு கணிப்பொறி சைபர் போட்டுவிடும். அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். எவனாவது வேண்டுமென்றே பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் ஓட்டுவான் என்று அமைத்தவன் நினைக்கவில்லை. அவன் உங்களைச் சந்தித்ததில்லை.

உங்களுக்கு எதிரில், ஸ்டியரிங்குக்கு மேலே, டாஷ்போர்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததே. ஆறு வருடம் உங்கள் மூக்குக்கு ஒரு முழம் முன்னால். அதை என்னவென்று நினைத்தீர்கள்? வாகனங்கள் ஓடித் தேய்ந்த தடத்திலேயே சக்கரம் போக வேண்டும், விலகக் கூடாது என்று போட்டிருக்கிறது. முதல் நாளே அதன் நகலில் ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த ஒரே ஒரு கையெழுத்தைப் படம் வரைகிற மாதிரி வரையக் கற்றிருந்தீர்களே, அதைத்தான்.

உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்று படிவத்தில் நிரப்பியது நான். அக்கா அழுதாள் என்பதற்காக நிரப்பினேன். காகிதத்தில் இருப்பதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நல்ல சாலையில் நீங்கள் நேராகத்தான் ஓட்டியிருப்பீர்கள். மோசமான சாலையில்தான் ஒதுங்கியிருப்பீர்கள். எங்கே பள்ளம் அதிகமோ அங்கேயெல்லாம் சைபர். ஆறு வருடம். இது வெளியே வந்தால் என் வேலை போகும், உங்கள் ஓய்வூதியம் நிற்கும். ஒரு மணிக்கட்டு முறிந்ததற்கு இது போதாதா? வாயை மூடிக்கொண்டிருங்கள். பேனாவையும்.


ஜூன் 23

மைத்துனனுக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது பாதியில் வைத்துவிட்டேன். முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்து மீதியைப் படித்தேன்.

அந்தக் காகிதத்தை நான் வண்டியின் இன்சூரன்ஸ் என்று நினைத்தேன். மேலே முத்திரை இருந்தது. வெயிலில் மூலை சுருண்டபோது நானே பசை வாங்கித் தடவி ஒட்டினேன். தினமும் காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது அதையும் துடைப்பேன். அந்த வண்டியில் என்னைப்போல் அதைச் சுத்தமாக வைத்திருந்தவன் எவனும் இல்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். பேப்பரை இடது கையால் திருப்பிக்கொண்டிருந்தார்.

‘டீச்சர், உங்க கையை ஒடச்சது நான்தான்’ என்றேன்.

‘நீங்க அன்னிக்கு மாடியில உக்காந்து எழுதிட்டிருந்தீங்க. ஒடச்சது ரோடு.’

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

‘ஆறு வருஷம் கண்ணெதிர ஒரு பேப்பர் இருந்திருக்கு. இது என்னன்னு யாரையாவது கேக்கணும்னு தோணவே இல்லையா?’

‘கேட்டா எனக்குத் தெரியாதுங்கறது தெரிஞ்சுடுமே.’

‘இப்ப மட்டும் சொல்றீங்க?’

‘இப்ப எனக்குத் தெரியும்ல. அதான் சொல்ல முடியுது.’

அவர் பேப்பரை இடது கையால் மடித்து வைத்தார். ‘எங்கிட்டச் சொன்னா எனக்கு என்ன பிரயோஜனம்? அடுத்த மழைக்கு இன்னொருத்தி விழுவா. ஆட்சேபம்னு தலைப்புப் போட்டு எழுதுங்க. திருத்தித் தர முடியாது, எனக்குக் கை இல்ல’ என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, ‘ஒருத்தன் படிக்கத் தெரியாம கெடுத்தான், ஒருத்தன் நல்லாப் படிச்சுட்டுக் கெடுத்தான். நல்ல ஜோடி’ என்றாள். அதற்கப்புறம் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. உன்னிடம் பேசவும் அவளுக்கு விருப்பமில்லை என்று சொல்லச் சொன்னாள். இது அவள் சொன்னபடியே எழுதியது. நான் யாருடைய பேச்சையும் மாற்றி எழுதுவதில்லை.

தலைமைப் பொறியாளருக்கு மூன்று பக்கம் எழுதினேன். நேற்றே தபாலில் போய்விட்டது, ஆகவே ஓடி வந்து தடுக்க வேண்டாம். செப்டம்பரில் ஓட்டியது நான், பள்ளத்தில் சக்கரத்தை இறக்கவில்லை, அறிவிப்பைப் படிக்க எனக்கு அப்போது தெரியாது, தெரியும் என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன், மறுபடி அளக்க வேண்டும். அவ்வளவுதான். உன் பெயரை எழுதவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதே. உன் பெயர் நீளம், எழுத அரை நாள் ஆகும்.

ஓய்வூதியம் நின்றால் நிற்கட்டும். உன் அக்கா ஏற்கனவே பேச்சை நிறுத்திவிட்டாள், அதற்கு மேல் என்ன நிற்கப்போகிறது.


ஜூன் 29

அத்தான்,

இதைக் கையால் எழுதுகிறேன். அலுவலகக் கணிப்பொறியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் கீழே.

உங்கள் ஆட்சேபம் வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் மேஜைக்கு வந்தது. என்னையும் இன்னும் நான்கு பேரையும் கூப்பிட்டார். சத்தம் போட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தி, ‘மூணு பக்கம் எழுதுறவனுக்குப் படிக்கத் தெரியாதாம். யார் காதுல பூ சுத்துறான்?’ என்றார்.

இதைத்தான் நீங்கள் யோசிக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று உங்கள் கையாலேயே, முற்றுப்புள்ளி, காற்புள்ளியோடு எழுதி அனுப்பினால் எவன் நம்புவான்? படிக்கத் தெரியும் என்று ஒரு படிவமும் கோப்பில் இருக்கிறது. ‘ஓய்வு பெற்றதும் பொழுது போகல, பழைய ஆபீஸ் மேல ஏதோ வயித்தெரிச்சல்’ என்று அவரே முடிவு கட்டினார். தள்ளுபடி என்று ஓரத்தில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

நான் தப்பித்துவிட்டேன் அத்தான். வாயைத் திறக்காமல் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும். நிற்பதாகத்தான் இருந்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

அப்போது அவர் உங்கள் கடிதத்தை மற்றவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘எழுத்தைப் பாருங்கய்யா. கொசு மையில விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கு’ என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். காகிதம் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உங்கள் ‘ழ’வைக் காட்டி இன்னொரு தடவை சிரிக்க வைத்தான்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்து நானும்தான் சிரித்தேன். போன கடிதம் வரைக்கும் சிரித்தேன். அப்படிச் சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறது. நான் உங்கள் மச்சினன். அவன்கள் யார்?

‘எட்டு மாசம் முன்னாடி இவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது சார்’ என்றேன். ‘தெரியும்னு படிவத்துல நிரப்பினது நான். அவர் என் அக்கா வீட்டுக்காரர்.’

சிரிப்பு நின்றது. செப்டம்பர் கோப்பைத் திறந்து காட்டினேன். அதுவரைக்கும் என்னைத் தவிர ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. எண் நல்லதாக வந்தால் அது ஏன் நல்லதாக வந்தது என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. தூங்கினேன் என்று நீங்கள் எழுதியது உண்மைதான்.

உங்கள் சாலையை ஜூலை இரண்டாம் தேதி மறுபடி அளக்கிறார்கள். உங்கள் ஓய்வூதியத்தைத் தொட மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் போட்ட கையெழுத்து செல்லாது, போடவைத்தவன்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். போடவைத்தவனை மேற்பார்வையிலிருந்து எடுத்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய கோப்பு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஓட்டியது ஆறு வருடத்தில் மூவாயிரம் கிலோமீட்டர். அதில் எந்தச் சாலையில் ஒதுங்கினீர்கள், எதில் ஒதுங்கவில்லை என்று நான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். மூலக் கோப்புகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. மிச்சமிருப்பது வெறும் சைபர்கள். நல்ல சாலையின் சைபர் எது, உங்கள் சைபர் எது என்று பார்த்தால் தெரியாது. எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. கண்டுபிடிக்கும்வரை எனக்கு இந்த அறைதான்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அக்காவிடம் சொல்லுங்கள். இந்த அறையில் ஜன்னல் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.


ஜூலை 9

மைத்துனனுக்கு,

உன் கையெழுத்தை நானும் உன் அக்காவும் சேர்ந்து படித்தோம். சில இடத்தில் இரண்டு பேரும் தோற்றுப்போய் டீச்சரிடம் கொண்டுபோனோம். ‘யார் இது? அடுத்த வகுப்புல சேத்துக்கலாமே’ என்றார். உன் பதவியைச் சொன்னேன். ‘அப்ப சேத்துக்க முடியாது, ரொம்பக் கஷ்டம்’ என்றார். பிளாஸ்டர் பிரித்தாகிவிட்டது. விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. சாக்பீஸை இடது கையில் பிடித்துக்கொண்டு வகுப்பை மறுபடி தொடங்கியிருக்கிறார். இப்போது அவர் எழுத்தும் என் எழுத்தும் ஒரே லட்சணம்.

இரண்டாம் தேதி வண்டி வந்தது. காலையிலேயே போய் வளைவில் நின்றுகொண்டேன். உன் புது டிரைவர் இருக்கிறானே, அப்படி ஒரு கேவலமான ஓட்டத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. இரண்டு சக்கரத்தையும் தடத்துக்குள் போட்டுவிட்டு, மாடு மாதிரி அதற்குள்ளேயே போகிறான். வண்டி குலுங்குகிறது, பட்டை ஆடுகிறது, பின்னால் இருந்தவன் கூரையில் முட்டிக்கொள்கிறான். நான் கைதட்டினேன். வளைவு முடிந்ததும் நிறுத்தித் தலையை நீட்டினான்.

‘எதுக்குப் பெரியவரே கைதட்டுறீங்க?’

‘நீ ஓட்டுற அழகுக்கு.’

‘நல்லா ஓட்டினேனா?’

‘கண்றாவியா ஓட்டினே. அப்படியே கடைசி வரைக்கும் ஓட்டு.’

அந்த டாஷ்போர்டைப் பார்க்க வேண்டும் என்றேன். கதவைத் திறந்துவிட்டான். என் பசை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றே வரி. ‘இரு சக்கரங்களும் தேய்ந்த தடத்திலேயே செல்ல வேண்டும். பள்ளத்தைத் தவிர்க்கக் கூடாது. ஐயமிருந்தால் மேற்பார்வையாளரைக் கேட்கவும்.’ எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு வருடத்தில் ஏதாவது ஒரு கால் மணி நேரம்.

முப்பத்தொன்று என்று வந்திருக்கிறது. பட்டியலிலிருந்து எங்கள் சாலையை எடுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்கு முன்னால் சுரண்டிவிட்டுப் புதுத் தார் போடுவார்களாம். பலகையில் ஒட்டியிருந்தது, நானே படித்தேன்.

என் கடிதத்தைப் பார்த்துச் சிரித்த நான்கு பேரின் பெயரை அனுப்பு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். நீ செய்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதற்கான வார்த்தை இன்னும் வகுப்பில் வரவில்லை. உன் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள், அவளே போன் செய்வாள். எடு.

அந்த இருட்டறையில் உட்கார்ந்து சைபர்களை முறைத்துக்கொண்டிருக்காதே. கணிப்பொறி ஒரு வருடத்தில் மறந்துவிட்டது என்றால் அது அதன் லட்சணம். நான் மறக்கவில்லை. எந்தச் சாலையில் எந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பக்கமாக ஒதுங்கினேன் என்று கண்ணை மூடினால் சக்கரத்துக்குக் கீழே வருகிறது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் மொத்தம் முப்பத்தேழு சாலை. போனில் சொன்னால் நீ அரைத் தூக்கத்தில் தப்பாகக் குறித்துக்கொள்வாய். ஆகவே எழுதித்தான் தருவேன்.

முதலாவது, நூற்பாலைச் சாலை. பாலத்தில் இறங்கியதும் இருநூறு அடி நேராக ஓட்டினேன். அதற்கப்புறம் பஞ்சு லாரிகள் திரும்பும் இடத்திலிருந்து மில்லின் இரண்டாவது வாசல் வரைக்கும் ஓரத்தில் ஏற்றிவிட்டேன். தடம் நான்கு விரல் ஆழம் இருக்கும். இரண்டாவது வாசலுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. அந்தக் கடைக்காரன் ஒவ்வொரு மழைக்கும் விழுந்தவர்களைத் தூக்கி உட்காரவைக்க வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தான். நாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பெஞ்சு எதற்கு என்று அவன் சொன்னான். நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். குடித்துவிட்டு வண்டியில் ஏறினோம். முதலில் அதை மறுபடி அளக்கச் சொல்.

இந்த ஒரு சாலைக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. ரயில்வே கேட் சாலை இதைவிட நீளம், ஆனாலும் அடுத்த வாரத்துக்குள் எழுதி அனுப்பிவிடுவேன். அதற்குள் இதை முடித்து வை. தூங்கிவிடாதே.

உன் டிரைவர்